கேள்வி–பதில்: ஈஸ்ட் போடாத ஒயின்

கேள்வி (மதுரை வாசகர்): வெளிநாட்டில் இருக்கும் என் மகன், ஈஸ்ட் கூடப் போடாமல் செய்த ஒயின் என்று ஒன்றைப் பற்றிச் சொல்கிறான். எதுவும் சேர்க்காமல் விட்டால் திராட்சைச் சாறு கெட்டுத்தானே போகும்?

பதில்: சும்மா விட்டால் கெட்டுப் போகும், சந்தேகமே இல்லை. ஆனால் ஜார்ஜியாவில் யாரும் சும்மா விடுவதில்லை. அந்த நாட்டின் தலைநகர் டிபிலிசிக்குத் தெற்கே தோண்டி எடுத்த பானை ஓடுகளில் சுமார் 8000 ஆண்டுக்கு முந்தைய ஒயின் தடயம் கிடைத்திருக்கிறது, அவ்வளவு பழைய கை அது. க்வெவ்ரி என்று ஒரு பெரிய மண் தாழி, நம் முதுமக்கள் தாழி போல வயிறு பருத்து அடி கூம்பியிருக்கும்; உள்ளே தேன்மெழுகு பூசி, வாய் மட்டும் தெரியும்படி மண்ணில் புதைத்துவிடுவார்கள். மிதித்த திராட்சையைச் சாறு, தோல், விதை, சில ஊர்களில் காம்பு உட்பட அதில் கொட்டுகிறார்கள். ஈஸ்ட் தோலிலும் அந்த அறையிலும் ஏற்கெனவே இருக்கிறது, அதுவே வேலையைத் தொடங்கிவிடும். அப்புறம் பொங்கி மேலே வரும் தோலை ஒரு நாளைக்குப் பல தடவை கோலால் உள்ளே அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் காற்றுப் பட்டுக் காடியாகிவிடும். நொதிப்பு அடங்கியதும் மூடி போட்டுக் களிமண்ணால் அடைத்து வசந்தம் வரை தொடுவதில்லை. புதைந்த தாழியில் சூடு ஏறாது, தோலும் விதையும் விட்ட துவர்ப்பு ஒயினைக் காக்கும். ர்காட்சிதெலி என்ற வெள்ளைத் திராட்சை கூட இப்படிச் செய்தால் தேன் நிறத்துக்கு வந்துவிடுகிறது. எனக்கு இதில் பெரிதாகத் தெரிவது தாழியைக் கழுவும் வேலைதான். காலியான தாழியை செர்ரி மரப்பட்டையில் செய்த தேய்ப்பானால் தேய்த்துத் தேய்த்து, ஊற்றிய தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவுகிறார்கள். மருந்து போட்டு ஈடுகட்ட வழியில்லாததால் சுத்தத்தில் துளியும் விட்டுக்கொடுக்க முடியாது. இந்த முறையை 2013இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்தது.

கேள்வி (கம்பத்திலிருந்து ஒரு திராட்சை விவசாயி): ஐரோப்பாவில் இயற்கை முறை என்றால் தோட்டத்தில் மருந்தே அடிக்க மாட்டார்களா?

பதில்: அடிக்கிறார்கள். நீங்கள் அடிக்கும் அதே போர்டோ கலவை, மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும், 1880களில் பிரான்சில் அடிச்சாம்பல் நோய்க்காகவே கண்டுபிடித்தது. இயற்கை முறையிலும் அதற்கும் கந்தகத்துக்கும் அனுமதி உண்டு. ஆனால் செம்பு மண்ணை விட்டுப் போகாது, வருடா வருடம் சேர்ந்து மண்புழுவைப் பாதிக்கும், அதனால் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு ஹெக்டேருக்கு 7 ஆண்டில் மொத்தம் 28 கிலோ செம்புதான் என்று வரம்பு வைத்திருக்கிறது. எனவே குலையைச் சுற்றி இலை கிள்ளிக் காற்றோட்டம் விடுவது, வரிசைக்கு நடுவே பயறு வகைகள் விதைப்பது என்று மருந்தைக் குறைக்கும் வழி தேடுகிறார்கள். உங்கள் பந்தலிலும் இலை அடர்ந்தால் ஈரம் தங்கி நோய் வரும், அங்கிருந்தே நீங்களும் ஆரம்பிக்கலாம்.

கேள்வி (சென்னை வாசகி): சல்பைட் இருந்தால் அது இயற்கை ஒயின் இல்லை என்கிறார்களே?

பதில்: அப்படிச் சொல்ல முடியாது. சல்பைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தகப் பொருள். நொதிக்கும்போது ஈஸ்ட்டே கொஞ்சம் சல்பைட் உண்டாக்கும். பிரான்சில் 2020இல் வந்த இயற்கை ஒயின் முத்திரை, கையால் பறித்த இயற்கை விளைச்சல், வெளியிலிருந்து போடாமல் திராட்சையோடு வரும் ஈஸ்ட் என்று கறாராகக் கேட்கிறது. ஆனாலும் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை சல்பைட்டை ஏற்றுக்கொள்கிறது. சாதாரணச் சிவப்பு ஒயினுக்கு ஐரோப்பாவில் 150 வரை போகலாம்.