கீழடி ஓடுகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

பொங்கல் லீவுக்குக் கோயமுத்தூரிலிருந்து அண்ணன் குடும்பம் வந்திருந்தது. எல்லோருமாகக் கீழடி அருங்காட்சியகம் போனோம். 2023-இல் திறந்ததிலிருந்தே போக ஆசை. செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டடம், அவ்வளவு அழகு. உள்ளே எந்தப் பக்கம் திரும்பினாலும் உடைந்த பானை. பத்தாவது படிக்கிற அண்ணன் மகன், "ஒரு கிரீடம்கூட இல்லையே அத்தை, இதுக்கா இவ்வளவு பேச்சு? இதுல எது 2600 வருஷம்?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்களேன்.

– ஒரு வாசகி, செல்லூர்

அன்புள்ள அம்மா,

கிரீடம் எப்படி இருக்கும்? பள்ளிச்சந்தைத் திடல் தென்னந்தோப்பில் தோண்டியது குடியிருப்பை, அரண்மனையை அல்ல. தங்கம் கொஞ்சம் கிடைத்தது. அதைக் காட்டியிருந்தாலும் உங்கள் மருமகன் உதட்டைத்தான் பிதுக்கியிருப்பான், எல்லாம் அத்தனை சின்னத் துண்டுகள்.

2600 என்பது எந்தப் பானையின் வயதும் இல்லை. 2018-இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய 4-ஆம் கட்ட அகழாய்வில் எடுத்த கரித்துண்டுகளில் ஆறை காலம் கணிக்க அமெரிக்காவில் மியாமியில் உள்ள பீட்டா அனலிடிக் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 353 செ.மீ. ஆழத்தில் கிடைத்த கரிக்கு கி.மு. 580 என்று வந்தது; அதுதான் அந்த 2600. 200 செ.மீ. ஆழத்துக் கரிக்கு கி.மு. 205. நடுவில் இருக்கும் ஒன்றரை மீட்டர் மண் சேர 375 ஆண்டு ஆகியிருக்கிறது. பானை ஓடு எந்த மட்டத்தில் கிடைத்தது என்பதை வைத்துத்தான் அதன் காலத்தைச் சொல்ல முடியும். அந்த ஒரு கரித்துண்டின் வயதை மதுரைக்கே பிறந்தநாளாக்கிக் கொண்டாடும் வாட்ஸ்அப் தமிழர்களிடம் இதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

அடுத்த முறை கீறல் உள்ள ஓடுகளுக்கு முன்னால் அவனைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்கள். கறுப்பு சிவப்புப் பானை: கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உட்புறமும் விளிம்பும் கறுத்துவிடும், வெளிப்புறம் சிவக்கும். அந்தச் சிவப்பின் மேல் கூரான எதையோ வைத்துக் கீறிய எழுத்து. 4-ஆம் கட்டத்தில் மட்டும் தமிழி (தமிழின் பழைய வரிவடிவம், தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள்) எழுத்துள்ள 56 ஓடுகள் கிடைத்தன. ஆதன், குவிரன் என்று ஆள் பெயர்கள். சுட்ட பிறகு கீறியவை இவை. குயவர் ஈரமண்ணில் எழுதியிருந்தால் கோடு வழவழவென்று போயிருக்கும். ஓட்டுக்கு ஓடு கையெழுத்தும் மாறுகிறது. பானையை வாங்கிப் போனவர்கள் தங்கள் பெயரைத் தாங்களே கீறிக்கொண்டார்கள் என்று ஆய்வாளர்கள் சொல்வது எனக்குச் சரியாகவே படுகிறது.

இதன் அருமை தெரிய மதுரைப் பக்கத்து மாங்குளத்தின் பாறைக் கல்வெட்டையும் பார்க்க வேண்டும். அங்கே மீனாட்சிபுரம் மலையில் பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அவனுடைய அலுவலன் கடலன் வழுதி, கணி நந்தன் என்ற சமணத் துறவிக்குப் பள்ளி (துறவிகள் தங்கும் இடம்) அமைத்துக் கொடுத்த செய்தி அது. அதிகாரம் இருந்தவர்கள் பாறையில் வெட்டுவித்த எழுத்து. கீழடியில் சோறு பொங்கிய வீட்டுக்காரரே ஆணியோ எலும்போ எடுத்து எழுதியிருக்கிறார். மன்னன் பெயர் கிடைப்பதைவிட இது அரிது என்பேன்.

ரோமாபுரிப் பக்கத்து ஓடு, சூதுபவளக் கல் மணி, நூல் நூற்கும் தக்களி இவற்றையெல்லாம் எல்லோரும் பேசிவிட்டார்கள், விடுங்கள். உடைந்த ஓட்டை ஓரம் தேய்த்து வட்டமாக்கிய சில்லுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. அதை மட்டும் மருமகனுக்குக் காட்டுங்கள். நாம் பாண்டி ஆடிய அதே சில்லு. (செல்லூரில் இன்னும் யாராவது ஆடுகிறார்களா?)

மாங்குளம் போவதாக இருந்தால் காலையிலேயே ஏறிவிடுங்கள், தண்ணீர் கையில் இருக்கட்டும். பத்து மணிக்கு மேல் பாறையில் கால் வைக்க முடியாது.