12-க்கு 10 அடி அறைக்கு எந்த ஸ்பீக்கர்?

கேள்வி: என் அறை 12 அடிக்கு 10 அடி; டைல்ஸ் தரை, கான்கிரீட் சுவர். பெரிய டவர் ஸ்பீக்கர்கள் இரண்டை மூலைகளில் வைத்திருக்கிறேன். மிருதங்கத்தின் தொப்பி (தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கம்) ஒலி முழங்கிக்கொண்டே இருப்பதால் பாடுபவரின் குரல் அமுங்கிவிடுகிறது. கர்நாடக இசைதான் அதிகம் கேட்பேன். வேறு எந்த ஜோடியை வாங்கலாம்?

பதில்: புதிய ஜோடிக்குப் பணம் செலவழிக்கும் முன் உங்கள் அறையைக் கவனியுங்கள். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதால், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 12 அடி நீளம் 47 ஹெர்ட்ஸை (நொடிக்கு 47 அதிர்வுகள்) ஒட்டியும், 10 அடி அகலம் 56 ஹெர்ட்ஸை ஒட்டியும், பிறகு அவற்றின் மடங்குகளிலும் ஒலியைத் தேக்கி வைக்கும். கூரையும் 10 அடி உயரம் என்றால் அதே 56 ஹெர்ட்ஸ் இன்னும் வலுக்கும். ஸ்பீக்கர் மூலையில் நிற்கும்போது இந்தத் தாழ்ந்த ஒலிகள்தான் மிக அதிகமாகத் தூண்டப்படுகின்றன. தடித்த திரைச்சீலையும் ஜமக்காளமும் கைதட்டினால் கேட்கும் எதிரொலியைக் குறைக்குமே தவிர, இந்த முழக்கத்தை அவற்றால் அடக்க முடியாது.

ஆகவே முதலில் ஸ்பீக்கர்களை மூலைகளிலிருந்து எடுத்து, பின்சுவரிலிருந்து இரண்டடியாவது முன்னே நகர்த்துங்கள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும், ஒவ்வொன்றிலிருந்தும் நீங்கள் அமரும் இடத்திற்கு உள்ள தூரமும் சமமாக இருக்கட்டும். உங்கள் நாற்காலியும் சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. பெட்டியின் பின்புறம் காற்றுத் துளை இருந்தால் அதில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் செருகிப் பாருங்கள். ஒரு வாரம் இப்படிக் கேட்ட பிறகும் குரல் தெளியவில்லை என்றால் மாற்றுவதுதான் சரி.

அப்போது 5 அல்லது 6.5 அங்குல வூஃபர் (தாழ்ந்த ஒலியைத் தரும் பகுதி) கொண்ட சிறிய புக்‌ஷெல்ஃப் ஜோடியை, ட்வீட்டர் (உயர்ந்த ஒலியைத் தரும் சிறு பகுதி) உங்கள் காது உயரத்திற்கு வரும்படி ஸ்டாண்டில் வைத்துக் கேளுங்கள். பிபிசி 1970-களில் ஒலிபரப்பு வண்டியின் குறுகிய இடத்தில் பேச்சுக்குரலைச் சரிபார்ப்பதற்காக உருவாக்கிய எல்எஸ்3/5ஏ என்ற ஸ்பீக்கர் இந்த வகையைச் சேர்ந்ததுதான். மிகத் தாழ்ந்த ஒலியை விட்டுக்கொடுத்துக் குரலின் இயல்பைக் காத்த அந்த முடிவு, குரலையே நாடும் உங்களுக்கும் பொருந்தும் என்பது என் உறுதியான கருத்து. வாட்ஸ் கணக்கைப் பார்த்து மயங்க வேண்டாம்: ஆம்ப்ளிஃபயரின் ஆற்றலை இரு மடங்காக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும்; காதுக்கு அது சற்றே உரக்கக் கேட்கும், அவ்வளவுதான்.

கடைக்குச் செல்லும்போது நீங்கள் நன்கு அறிந்த கச்சேரிப் பதிவு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். ஆலாபனை தொடங்கும் முன் தம்பூரா மட்டும் ஒலிக்கும் சில நொடிகளில் நான்கு தந்திகளும் தனித்தனியே கேட்கின்றனவா, பாடுபவர் மூச்சு வாங்கும் ஒலி இரண்டு பெட்டிகளுக்கும் நடுவிலிருந்து வருகிறதா என்று கவனியுங்கள். ஒப்பிடும் ஜோடிகளை ஒரே ஒலி அளவில் கேட்பது மிக முக்கியம்; சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக இருப்பதாகவே தோன்றும். கடை அறையில் இனிமையாக ஒலிப்பது உங்கள் அறையில் மாறிவிடக்கூடும் என்பதால், வீட்டில் வைத்துக் கேட்டுப் பார்த்து, பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கச் சம்மதிக்கும் கடையிலேயே வாங்குங்கள்.