பேஸ் வாசித்தது யார்? - கடிதம்

அன்புள்ள சார்,

மூன்று மாதமாக கம்பெனி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் பழைய அமெரிக்கப் பாட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மடி வாட்டர்ஸ், ஹவ்லின் உல்ஃப், ஓடிஸ் ரெட்டிங், அரீத்தா ஃப்ராங்க்ளின், மார்வின் கே, அப்புறம் ரோலிங் ஸ்டோன்ஸ், லெட் செப்லின். சில சந்தேகங்கள். இவற்றை மோனோவில் கேட்பதா, ஸ்டீரியோவில் கேட்பதா? இதற்கென்று ஒரு ரெக்கார்ட் பிளேயர் வாங்கலாமா? அமெரிக்கக் கறுப்பர்கள் பாடிய இந்த ப்ளூஸ் என்பது நம் ஊர் ஒப்பாரி மாதிரிதானே? கறுப்பர்களின் பாட்டைத் திருடித்தான் வெள்ளைக்காரர்கள் ராக் செய்தார்கள் என்கிறான் நண்பன், உண்மையா? வரிசையாகக் கேட்க ஒரு பட்டியல் தர முடியுமா? இத்தனை பெரிய பாடகர்கள் எப்படி ஒரே காலத்தில் வந்தார்கள் என்பதுதான் எனக்குத் தீராத ஆச்சரியம்.

கா., ஓசூர்

அன்புள்ள கா.,

ரெக்கார்ட் பிளேயர் வேண்டாம். அந்தக் காசில் நல்ல ஹெட்போன் ஒன்று வாங்குங்கள், காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். அறுபதுகளின் நடுப்பகுதி வரை இந்தப் பாட்டுகளைக் கார் ரேடியோவையும் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸையும் மனதில் வைத்துத்தான் மிக்ஸ் செய்தார்கள், அதனால் மோனோ, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே சத்தம். பட்டியல் தர மாட்டேன். பட்டியல் கேட்கிறவர்கள் அதைப் பத்திரமாகச் சேமித்து வைத்துக்கொள்வார்கள், பாட்டைக் கேட்க மாட்டார்கள். என் அனுபவம் அது.

ஒப்பாரிக்கு வருகிறேன். மாதத்துக்கு ஒருவராவது இதை எனக்கு எழுதிவிடுகிறார். சாவு வீட்டுக்கு யாராவது நல்ல சட்டை போட்டுக்கொண்டு ஆடப் போவார்களா? ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் மிசிசிப்பியின் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்தவர். 1943இல் ரயிலேறி சிகாகோ வந்தார். அங்கே அவர் வாசித்தது மதுக்கடைகளில். குடிக்கிறவர்கள் போடுகிற இரைச்சலில் சாதாரண கிதார் யார் காதிலும் விழாது, அதனால்தான் எலெக்ட்ரிக் கிதாருக்குப் போனார். அவரோடு வாசித்த லிட்டில் வால்டர், மைக்கையும் மௌத் ஆர்கனையும் சேர்த்துக் கைக்குள் பொத்திப் பிடித்து ஊதுவார். 1952இல் அவருடைய ‘ஜூக்’ ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டுகளின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. கேட்டுவிட்டு அழுகை வந்தால் எழுதுங்கள். துக்கம் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி கையில் வாரக்கூலியோடு வருகிறவனின் துக்கம் அது. வாய்விட்டுச் சொல்லிவிட்டு ஆடப் போய்விடுவான்.

திருட்டு விஷயம் பாதி உண்மை. வில்லி டிக்சன் எழுதி மடி வாட்டர்ஸ் 1962இல் பாடிய பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டதற்காக வெள்ளைக்காரக் குழுவான லெட் செப்லின் மேல் 1985இல் வழக்கு வந்தது, இரண்டு வருடம் கழித்து சமரசமாக முடித்துக்கொண்டார்கள். இன்னொரு பக்கம், 1965இல் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அழைக்கப்பட்ட ரோலிங் ஸ்டோன்ஸ், அவர்களும் வெள்ளைக்காரர்கள்தான், கறுப்பரான ஹவ்லின் உல்ஃபையும் பாடவைக்கச் சொல்லி அடம்பிடித்தார்கள். அவர் பாடும்போது பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். நண்பரிடம் இரண்டையும் சொல்லுங்கள்.

இப்போது உங்கள் கடைசி வரி. இத்தனை பெரிய பாடகர்கள்! ஐந்து பாடகர்கள், இரண்டு குழுக்களின் பெயரை எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பாடகர்களுக்குப் பின்னால் நின்று வாசித்த ஒருவர் பெயராவது இருக்கிறதா? மூன்று மாதமாக தினமும் காலையிலும் மாலையிலும் உங்கள் காதுக்குள் வேலை செய்திருக்கிறார்கள். பந்தியில் பரிமாறினவரின் முகத்தைக்கூடப் பார்க்காமல் எழுந்து வருவது மாதிரி இருக்கிறது இது. கோபம் உங்கள் மேல் மட்டும் இல்லை. நானும் இதையே செய்தவன்.

என் பெரியப்பா திருச்சியில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிதார், அதாவது அடிச்சத்தம் தருகிற தடித்த தந்திக் கிதார், வாசித்தார். பகலில் அச்சகத்தில் வேலை, முகூர்த்த நாட்களில் கல்யாண வரவேற்புக் கச்சேரி. டிரம்ஸுக்கும் மேடைத் திரைக்கும் நடுவில் இரண்டடி இடம் அவருக்கு. சொந்தக்காரர்களின் கல்யாண ஆல்பங்களில் தேடினால் ஒரு முழங்கை கிடைக்கும், அவருடையதுதான். எனக்கு அப்போது பத்து வயது. மேடைக்குப் பின்னால் போய், “பெரியப்பா, நீங்க வாசிக்கிறது கேக்கவே இல்லையே” என்றேன். கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பாட்டின் சரணத்தில் உள்ளங்கையைத் தந்தி மேல் வைத்து நிறுத்திவிட்டார். ஐந்தாறு விநாடி இருக்கும். பந்தலின் நடுக்காலை யாரோ உருவினது போல இருந்தது. பாடிக்கொண்டிருந்தவர் திகைத்துத் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா என்னைப் பார்த்து, “இப்பக் கேட்டுச்சா?” என்றார். அன்றைக்கு அவர் சம்பளத்தில் ஐம்பது ரூபாயைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவரிடம் ஒரு கேசட் இருந்தது. சவுதியிலிருந்து வந்த நண்பர் பதிவு செய்து கொடுத்தது. எல்லாம் மோட்டவுன் என்ற அமெரிக்க ரெக்கார்ட் கம்பெனியின் பாட்டுகள். ஃபோர் டாப்ஸ், சுப்ரீம்ஸ், ஸ்டீவி வொண்டர். ஓடவிட்டு, நிறுத்தி, பின்னால் தள்ளி, கிதாரில் வாசித்துப் பார்ப்பார். கேசட் அட்டையில் பாட்டுக்கு நேரே பாடகரின் பெயரை எழுதியிருந்தார். எல்லாவற்றுக்கும் அடியில் ‘பேஸ்’ என்று எழுதி, புள்ளி வைத்து, காலியாக விட்டிருந்தார். அத்தனை பாட்டுக்கும் ஒரே கைதான் வாசித்திருக்கிறது என்பதைக் காதாலேயே கண்டுபிடித்துவிட்டார். யார் என்று சொல்லத்தான் திருச்சியில் ஆள் இல்லை.

அந்தக் கையை உடையவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1959இல் பெர்ரி கோர்டி குடும்பத்தாரிடம் 800 டாலர் கடன் வாங்கி டெட்ராய்ட்டில் ஆரம்பித்த கம்பெனி மோட்டவுன். ஒரு சாதாரண வீடு, அதன் பின்பக்கம் சின்ன ஸ்டூடியோ. ‘பாம்புக்குழி’ என்பது வாசித்தவர்கள் அதற்கு வைத்த பெயர். ராத்திரி ஜாஸ் கிளப்புகளில் வாசித்துக்கொண்டிருந்தவர்களை கோர்டி பகலில் அங்கே உட்காரவைத்தார். ஜேமர்சனும் ஜாஸிலிருந்து வந்தவர்தான், நின்றுகொண்டு வாசிக்கிற பெரிய பேஸில் பழகிய கை. பேஸ் கிதாரை வலது ஆட்காட்டி விரல் ஒன்றாலேயே வாசிப்பார். அந்த விரலுக்குக் ‘கொக்கி’ என்று பட்டப்பெயர். தந்தி அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். அதுவரை பேஸ் என்றால் பெரும்பாலும் பாடகருக்குப் பாய் விரித்துக் கொடுக்கிற வேலை. ஜேமர்சன் பாடகரோடு பேச்சுக் கொடுத்தார். அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் ஒரு வார்த்தை சொல்வார், அவர் திரும்பிப் பார்ப்பதற்குள் ஒன்றும் தெரியாதவர் மாதிரி தாளத்தோடு போய்ச் சேர்ந்துவிடுவார். பீட்டில்ஸின் பால் மெக்கார்ட்னி இவரிடமிருந்து கற்றதாகச் சொல்லியிருக்கிறார்.

பல வருடங்கள் அந்த ரெக்கார்டுகளின் உறையில் வாசித்தவர்களின் பெயரே கிடையாது. மார்வின் கேயின் 1971 ஆல்பத்தில்தான் முதன்முதலாக அச்சிட்டார்கள். ஜேமர்சனின் பெயருக்கு முன்னால் ‘ஒப்பற்ற’ என்று ஓர் அடைமொழியும் போட்டார்கள். நீங்கள் கேட்டதாகச் சொல்கிற அதே மார்வின் கே! அடுத்த வருடம் கம்பெனி லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டது. ஜேமர்சனும் பின்னாலேயே போனார். குடி அதிகம், வேலை குறைந்துகொண்டே வந்தது. 1983இல் மோட்டவுனின் 25ஆம் ஆண்டு விழா. இவருக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் பால்கனியில் உட்கார்ந்து பார்த்தார். அந்த ஆகஸ்டில் இறந்தார், வயது 47.

ஓடிஸ் ரெட்டிங்கைக் கேட்டதாகச் சொல்கிறீர்கள். அவர் விமான விபத்தில் இறந்தது எல்லாருக்கும் தெரியும். 1967 டிசம்பர் 10, விஸ்கான்சினின் மொனோனா ஏரி. அதே விமானத்தில் அவருக்குப் பின்னால் வாசித்த பார்-கேய்ஸ் குழுப் பையன்களும் இருந்தார்கள். ஜிம்மி கிங், ரோனி கால்டுவெல், ஃபேலன் ஜோன்ஸ், கார்ல் கன்னிங்ஹாம். நால்வரும் அன்றைக்கே போனார்கள், ஒருவருக்கும் இருபது வயது ஆகவில்லை. டிரம்பெட் வாசித்த பென் காலி இருக்கையின் மெத்தையைக் கட்டிக்கொண்டு அந்தப் பனித்தண்ணீரில் மிதந்து தப்பினார். பேஸ் வாசித்த ஜேம்ஸ் அலெக்சாண்டருக்கு விமானத்தில் இடம் போதவில்லை, வேறு விமானத்தில் வந்துகொண்டிருந்தார். பிறகு இவர்கள் இருவரும்தான் குழுவை மறுபடி கட்டினார்கள். இதையெல்லாம் சொல்லாமல் ‘ஓடிஸ் இறந்தார்’ என்று மட்டும் எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எல்லா முதலாளிகளும் ஒரே மாதிரி இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஹவ்லின் உல்ஃப் ஆறடிக்கு மேல் உயரம், மேடையில் தவழ்ந்து உறுமுவார். ஆனால் குழுவினருக்குச் சம்பளத்தை நாள் தவறாமல் கொடுத்தார், வேலையில்லாக் காலக் காப்பீட்டுக்குக்கூடப் பணம் கட்டினார்.

பெரியப்பா 1999இல் போய்விட்டார். டெட்ராய்ட் வாத்தியக்காரர்களைப் பற்றிய ஆவணப்படம் வந்தது 2002இல். கேசட் இப்போது என்னிடம் இருக்கிறது, நாடா பூஞ்சை பிடித்துவிட்டது, ஓடாது. அட்டையில் அந்தப் புள்ளிகளுக்குப் பக்கத்தில் பெயரை எழுதலாம் என்று பல தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். அவருடைய கையெழுத்துக்கு அருகில் என் கையெழுத்து வேண்டாம் என்று வைத்துவிடுவேன்.

ஹெட்போன் விஷயம். ஃபோர் டாப்ஸ் 1967இல் பாடிய ‘பெர்னடெட்’டின் பேஸை மட்டும் தனியாகப் பிரித்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். முதலில் அதை இரண்டு தடவை கேளுங்கள், அப்புறம் முழுப் பாட்டைக் கேளுங்கள். பஸ்ஸில் வேண்டாம். எஞ்சின் சத்தமும் பேஸும் ஒரே அடித்தளத்தில் கிடப்பவை, ஒன்றை ஒன்று விழுங்கிவிடும். ராத்திரி எல்லாரும் படுத்த பிறகு, மின்விசிறியையும் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். கொஞ்சம் வியர்க்கும், பரவாயில்லை.