பழைய கல்லறைத் தோட்டங்களைப் பதிவு செய்தல்: கேள்வி பதில்

பழைய கல்லறைத் தோட்டங்களை அளந்து வரைபடமாக்கி, கற்களில் உள்ள வாசகங்களைப் படியெடுக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். தங்கள் முன்னோரைத் தேடும் அன்பர்கள் கேட்டவற்றுள் சிலவற்றுக்கு இங்கே விடை எழுதுகிறேன்.

கைப்பேசியுடன் ஒவ்வொரு கல்லறையின் அருகிலும் நின்று இடக்குறிப்பு எடுத்துக்கொண்டால் வரைபடம் ஆகிவிடாதா, ஐயா? (பாளையங்கோட்டை வாசகர்)

ஆகாது. நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் போட்டுப் பார்த்தபோது கணவன் கல்லறை மதிலுக்கு வெளியே சாலையிலும், மனைவி கல்லறை கிணற்றுக்குள்ளும் இருந்தன. திறந்த வெளியிலேயே கைப்பேசியின் ஜி.பி.எஸ். ஏறக்குறைய 5 மீட்டர் வரை பிசகும். வேப்பமரத்தடியில் இன்னும் கூடுதலாகப் பிசகும். கல்லறைகளோ ஒன்றுக்கொன்று ஒரு மீட்டர் இடைவெளியில்கூட இருக்கின்றன. ஆகவே, தோட்டத்தின் வாயில் தூண், மதில் மூலை போன்ற அசையாத இரண்டு மூன்று இடங்களுக்கு மட்டும் ஜி.பி.எஸ். குறிப்பு எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு இடையே ஒரு கயிற்றை இழுத்துக் கட்டி, கயிற்றின் தொடக்கத்திலிருந்து எத்தனை மீட்டர், அங்கிருந்து ஒவ்வொரு கல்லறைக்கும் செங்குத்தாக எத்தனை மீட்டர் என்று நாடாவால் அளந்து எழுதுங்கள். நில அளவையர் ஆஃப்செட் என்று சொல்லும் பழைய முறைதான் இது. இருவர் இருந்தால் போதும். அந்த சர்வே எண்ணுக்குரிய புலப்படத்தின் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அரசு வரைபடத்தின்) நகலை முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொண்டால் எல்லைக்கோடு தயாராகக் கிடைத்துவிடும்.

புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றித் தரையில் பதித்திருக்கும் கற்களில் ஒன்றில் எங்கள் குடும்பப் பெயர் இருக்கிறது. அவரை அங்கேதான் அடக்கம் செய்தார்களா? (சென்னை வாசகர்)

பெரும்பாலும் இல்லை. அந்தக் கற்களில் மிகப் பல, கோட்டைக்கு வெளியே, இன்றைய உயர் நீதிமன்ற, சட்டக் கல்லூரி வளாகப் பக்கம் இருந்த பழைய இடுகாட்டைச் சேர்ந்தவை. 1758-59இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அங்கிருந்த உயரமான சமாதிகள் பிரெஞ்சுப் படைக்கு மறைவிடமாகிவிட்டதால், முற்றுகை முடிந்த பின் சமாதிகளை இடித்து, கற்களை மட்டும் ஆலய வளாகத்துக்குக் கொண்டுவந்தார்கள். உடல்கள் வரவில்லை. கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹூ யேலின் மகன் டேவிட் அடங்கியிருக்கும் சமாதி போன்ற ஓரிரண்டை மட்டும் பழைய இடத்திலேயே விட்டுவைத்தார்கள்.

இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கல் நிற்கும் இடம், உடல் கிடக்கும் இடம், அடக்கப் பதிவேட்டில் எழுதிய இடம் ஆகிய மூன்றையும் ஒன்றாகவே கொண்டு பலர் குடும்ப மரம் வரைந்துவிடுகிறார்கள். உங்கள் குறிப்பேட்டில் மூன்றுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாகவே விடுங்கள். சென்னை மாகாண ஆலயங்களிலிருந்து அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளின் படிகள் லண்டனிலுள்ள பிரிட்டிஷ் நூலகத்தில், ‘என்/2’ என்னும் வரிசையில் இருக்கின்றன. ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் தேட வேண்டிய இடம் அது. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்தார் அந்தந்த ஆலயத்தின் மூலப் பதிவேட்டைத்தான் நாட வேண்டும்.

ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் சுண்ணாம்பு அடித்து அடித்து எழுத்தே மூழ்கிவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா? (கும்பகோணம் வாசகர்)

கூடவே கூடாது. ஆசிட் சுண்ணாம்பைத் தின்னும்போது, சலவைக்கல்லாக இருந்தால் கல்லையும் சேர்த்துத் தின்றுவிடும். கம்பி பிரஷ், கத்தி, எழுத்தின் மேல் சாக்பீஸ் தேய்ப்பது ஆகியவையும் வேண்டாம். வெறும் தண்ணீரும் மென்மையான நார் பிரஷும் போதும். அதற்கு மேல் ஒளியை நம்புங்கள். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ வெயில் சாய்வாக விழும்போது, நண்பகலில் ஒன்றுமே தெரியாத கல்லில் வரிவரியாக எழுத்து எழும்பும். நிழலில் இருக்கும் கல்லுக்கு முகம் பார்க்கும் கண்ணாடியைப் பக்கவாட்டில் பிடித்து வெயிலைத் திருப்பி விடலாம்.

இன்னொரு எச்சரிக்கை: பள்ளத்தில் கறுப்புப் பெயிண்ட் தீட்டியவர் 3ஐ 8 ஆக்கியிருப்பார். பெயிண்டைப் படிக்காமல் உளி வெட்டிய பள்ளத்தைப் படியுங்கள். கல்லறைத் திருநாளாகிய நவம்பர் 2 அன்று மாலையில் தோட்டத்தில் இருந்தால், மெழுகுவர்த்தி ஏற்ற வரும் மூதாட்டிகள் கல்லில் இல்லாத உறவுமுறைகளையும் சொல்வார்கள். ஆனால் அவர்கள் ஜெபித்து முடிக்கும்வரை குறிப்பேட்டை மூடி வைத்திருங்கள்.

எங்கள் கொள்ளுத்தாத்தா கல்லறையில் ‘1076 தை’ என்று இருக்கிறது. வெட்டியவர் பிழையா? (மார்த்தாண்டம் வாசகர்)

பிழையில்லை, கொல்லம் ஆண்டு. உங்கள் பகுதி 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்ததால் அங்குள்ள கற்களில் இது சாதாரணம். கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறப்பதால், ஆவணி முதல் மார்கழி நடுப்பகுதிவரை 824ஐயும், அதன் பின் 825ஐயும் கூட்ட வேண்டும். ஆக, உங்கள் கொள்ளுத்தாத்தா இறந்தது 1901.

மற்ற இடங்களில் வெறும் தமிழ் வருடப் பெயர் மட்டும் இருந்தால் அறுபது ஆண்டுச் சுழற்சியை மறக்காதீர்கள். ‘தாது’ என்றதும் தாது வருஷப் பஞ்சத்தில் இறந்தார் என்று எழுதிவிடத் தோன்றும். 1876உம் தாதுதான், 1936உம் தாதுதான். எழுத்தின் உருவமும் பக்கத்துக் கற்களும்தான் தீர்ப்புச் சொல்லும். ௳ என்பது நாள், ௴ மாதம், ௵ வருடம். ௲௮௱௭௰௬ என்றால் 1876. மிகப் பழைய கற்களில் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடும் இராது; படியெடுக்கும்போது நீங்களாகத் திருத்தாமல் உள்ளபடியே எழுதி, உங்கள் வாசிப்பைத் தனி வரியில் கொடுங்கள்.

முஸ்லிம்களின் அடக்கத்தலங்களாகிய மையவாடிகளிலும் இதே முறைதானா? (கீழக்கரை வாசகர்)

அளப்பது அதே முறை. ஜமாஅத்தின் அனுமதி முதலில் வேண்டும். கல்லறையில் நடும் மீசான் கல்லில் ஹிஜ்ரி ஆண்டு இருந்தால் ஒரு குறிப்பிட்ட எண்ணைக் கூட்டிக் கணக்கிட முடியாது, ஏனெனில் அந்த ஆண்டு சூரிய ஆண்டைவிட ஏறக்குறைய 11 நாள் குறைவு. ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பரில். மாற்று அட்டவணையைப் பார்த்தே எழுதுங்கள்.

கல்லே இல்லாத மண்மேடுகளை என்ன செய்வது? (திண்டுக்கல் வாசகர்)

அவற்றுக்கும் எண் கொடுங்கள், அளவும் எடுங்கள். பதிவேட்டில் பெயர் இருந்து கல் கிடைக்காதவர்கள் எல்லாத் தோட்டத்திலும் உண்டு; பின்னால் வருபவர் யாரேனும் பக்கத்துக் கல்லறையை வைத்து இடத்தை அடையாளம் காட்டக்கூடும். ஒரே குடும்பக் குழியில் இரண்டு மூன்று தலைமுறையினரை அடக்கம் செய்திருந்தால் ஒரே எண்ணின் கீழ் எல்லாப் பெயரும் வர வேண்டும்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாமா? (திருச்சி வாசகர்)

பழையவற்றை ஏற்றலாம். அண்மையில் இறந்தவர்களின் கல்லில் பிள்ளைகளின் பெயர்களும் இருக்குமாதலால், குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிடாதீர்கள். அச்செடுத்த பிரதி ஒன்றை ஆலய அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த முறை மதில் கட்ட மண்வெட்டி எடுப்பவர்கள் அங்கேதான் முதலில் விசாரிப்பார்கள்.