பாளையங்கோட்டைப் பக்கம் மனை விலை ஏறுவது வெளிநாட்டுப் பணத்தாலா?

“பெருமாள்புரம், கேடிசி நகர் பக்கம் சம்பளக்காரர் மனை வாங்கவே முடியவில்லை. கனடா மாதிரி இங்கேயும் தடை போடக் கூடாதா?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெளிநாட்டுப் பணத்துக்குப் பங்கு உண்டு. ஆனால் கனடாவின் வான்கூவர் நகரத்துக் கதை வேறு. அங்கே குறிவைத்தது வீடு வாங்கும் வெளிநாட்டுக் குடிமக்களை. 2016-ல் 15 சதவீதக் கூடுதல் வரி, 2018-ல் 20, 2023-ல் நாட்டளவில் சில விலக்குகளோடு தடை.

இங்கே வாங்குவது துபாயிலும் சிங்கப்பூரிலும் உழைக்கும் நம்ம பிள்ளைகள். அவர்களை எப்படித் தடுப்பது? தடுக்கவும் கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி அவர்கள் வீடு, மனை, கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு விலைக்கு வாங்க முடியாது. அதனால் பணம் பெரும்பாலும் வீட்டு மனை மேலேயே விழுகிறது. துபாய்ப் பணமான திர்ஹாம் ஒன்று 2014-ல் 16, 17 ரூபாய். 2024-ல் 22-ஐத் தாண்டியது. சம்பளம் கூடாமலே அவர்கள் வாங்கும் சக்தி கூடிவிட்டது.

விலை ஏறும் விதத்தைப் பாருங்கள். மச்சான் வாட்ஸப் வீடியோவில் கல் நட்ட மனையைக் காட்டுவார். லீவு முடியப் போகிறது, பேரம் பேச நேரமில்லை, பவர் எழுதிக் கொடுத்துக் கிரயம் முடியும். மறுநாளே தெரு முழுக்க “சென்ட் இவ்வளவுக்குப் போச்சு” என்று அதே விலை சொல்வார்கள். அப்புறம் அந்த மனையில் சீமைக்கருவேலம்தான் வளரும். எனக்கு வருத்தமே அதுதான். காலி மனையைப் பூட்டி வைக்கும் உள்ளூர்க்காரர்களும் இதில் சேர்த்திதான்.

வாங்கப் போகிறவர் புரோக்கர் சொல்லும் விலையை நம்பாமல், பக்கத்து சர்வே எண்களுக்கும் வில்லங்கச் சான்று (பத்திரப் பதிவு விவரம் காட்டும் சான்று) போட்டு, பதிவான கிரயத் தொகையைப் பார்த்துவிட்டுப் பேச உட்காருங்கள்.