முதலில் காது, அப்புறம் மைக்: ஹாம் செயற்கைக்கோள் கேள்வி-பதில்

கேள்வி: என்னிடம் 5 வாட் கையடக்க ரேடியோ மட்டும்தான் இருக்கிறது. ஹாம், அதாவது பொழுதுபோக்கு ரேடியோக்காரர்களின் செயற்கைக்கோள் வழியே பேச இது போதுமா?

பதில்: பவர் தாராளம். குறை ஆன்டெனாவில்தான். ரேடியோவோடு வரும் ரப்பர் ஆன்டெனாவில் ஒன்றிரண்டு சொற்கள் காதில் விழலாம், அவ்வளவுதான். கையில் பிடிக்கும் சிறிய யாகி (ஒரு திசையை நோக்கிக் காட்டும் ஆன்டெனா) ஒன்று வாங்குங்கள், அல்லது நீங்களே செய்யுங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கேள்வி: எஸ்ஓ-50 என்ற எஃப்எம் செயற்கைக்கோள் தலைக்கு மேலே போவதாகச் செயலி காட்டுகிறது. ஆனால் எதுவுமே கேட்கவில்லை. எங்கே தவறு?

பதில்: பெரும்பாலும் மூன்று இடங்களில். முதலாவது ஸ்குவெல்ச், அதாவது சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்துவைக்கும் அமைப்பு. அதை முழுக்கத் திறந்து வையுங்கள். இரைச்சல் காதைக் குடையும், பரவாயில்லை. மெல்லிய சிக்னல் வரும்போது முதலில் அந்த இரைச்சல்தான் அடங்கும்.

இரண்டாவது டாப்ளர், அதாவது வேகத்தால் அலைவரிசை மாறித் தெரிவது. எஸ்ஓ-50 கீழே அனுப்பும் அலைவரிசை, அதாவது டவுன்லிங்க், 436.795 மெகாஹெர்ட்ஸ். ஆனால் செயற்கைக்கோள் நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. அதனால் அடிவானத்தில் எழும்போது 436.805க்கு அருகில் கேட்கும், மறையும்போது 436.785க்கு இறங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் ஐந்து நினைவகச் சேனல்கள் போட்டு வைத்துக்கொண்டு, குரல் கரகரக்கத் தொடங்கியதும் அடுத்ததற்கு இறங்குங்கள். நாம் மேலே அனுப்பும் 145.850 அப்லிங்கில் மாற்றம் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ்தான், அதை அப்படியே விட்டுவிடலாம்.

மூன்றாவது, ஆன்டெனாவைச் சுழற்றாமல் இருப்பது. திசை சரியாக இருந்தும் குரல் மங்கினால், மணிக்கட்டைத் திருப்பி யாகியைப் படுக்கையிலிருந்து செங்குத்தாக மாற்றிப் பாருங்கள். செத்த சிக்னல் சட்டென்று உயிர்பெறும். செயலியில் சுற்றுப்பாதைத் தரவு பழையதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேள்வி: நன்றாகக் கேட்கிறது. கூப்பிட்டால் யாரும் பதில் சொல்வதில்லை.

பதில்: குரலோடு சேர்ந்து போகும் 67 ஹெர்ட்ஸ் டோன் (தாழ்ந்த ஒலி) வைத்தீர்களா? அது இல்லாமல் எஸ்ஓ-50 உங்கள் குரலைத் திருப்பி அனுப்பாது. அது உறங்கிக்கொண்டிருந்தால் 74.4 ஹெர்ட்ஸ் டோனோடு ஓரிரு நொடி அனுப்பி எழுப்ப வேண்டும். அப்புறம் பத்து நிமிடம் விழித்திருக்கும்.

எஃப்எம் செயற்கைக்கோளில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீளமாக 'சிக்யூ' (யாராவது பேச வாருங்கள் என்ற பொது அழைப்பு) கூப்பிட வேண்டாம். அழைப்புக் குறி, கிரிட் எண் (உங்கள் இடத்தைச் சொல்லும் குறியீடு), போதும். ஒரு பாஸ் (செயற்கைக்கோள் ஒருமுறை வானத்தைக் கடப்பது) பத்துப் பதினைந்து நிமிடம்தான், அதைப் பலர் பகிர்ந்துகொள்கிறோம். கீழே வரும் குரல் உங்கள் காதில் விழவில்லை என்றால் மைக்கை அழுத்தவே அழுத்தாதீர்கள். உங்களுக்குத் தெரியாமலேயே இன்னொருவரின் உரையாடலை மிதித்துவிடுவீர்கள். புதியவர்களிடம் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஒன்றில்தான்.

கேள்வி: ஏஓ-7 என்ற பழைய ஹாம் செயற்கைக்கோள் இன்னுமா வேலை செய்கிறது?

பதில்: 1974 நவம்பரில் ஏவப்பட்டது. 1981-ல் பேட்டரி பழுதாகி மௌனமானது. 2002-ல் மறுபடி குரல் கொடுத்தது. சூரிய ஒளி படும்போது மட்டும் இயங்கும். எனக்கு மிகவும் பிடித்த செயற்கைக்கோள் இதுதான். ஆனால் எஃப்எம் வேண்டாம், எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டைக் குரல் முறை) அல்லது மோர்ஸ் மட்டும். 432 மெகாஹெர்ட்ஸில் ஏறி 145-ல் இறங்கும்போது ட்ரான்ஸ்பாண்டர் (சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் கருவி) அலைவரிசையைத் தலைகீழாக்கும். எனவே எல்எஸ்பியில் (கீழ்ப் பக்கப்பட்டை) அனுப்பி யுஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) கேளுங்கள். பவரைக் குறைத்தே வையுங்கள். அதிகமானால் எல்லோருடைய குரலும் நடுங்கும்.

கேள்வி: உரிமம் இன்னும் வரவில்லை. அதுவரை?

பதில்: பேச உரிமம் கட்டாயம். கேட்பதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும், பார்த்துக்கொள்ளுங்கள். அனுமதி இருந்தால் நாலைந்து பாஸ் கேட்டுப் பழகுங்கள். ஒரு கையில் ஆன்டெனா, இன்னொரு கையில் ரேடியோ என்றிருக்கும்போது எழுத முடியாது. கைப்பேசியில் பதிவு செய்துவிட்டு, அழைப்புக் குறிகளைப் பிறகு நிதானமாக எடுத்து எழுதுங்கள்.