பதினாறு பிள்ளைகள், அரை மணி நேரம்: கைக்கணினியை எங்கே பயன்படுத்துவது?

கேள்வி: தொடக்கப்பள்ளி ஒன்றில் 17 ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு வாரம் ஒருமுறையாவது எஸ்எல்எஸ் (சிங்கப்பூர்ப் பள்ளிகளின் இணையவழிக் கற்றல் தளம்) பயன்படுத்த வேண்டும் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து பலதேர்வு வினாக்களாக ஒரு பயிற்சி தயாரிக்கிறேன். தொடக்கநிலை ஐந்தாம் வகுப்பில் இருக்கும் பதினாறு பிள்ளைகளும் ஆறே நிமிடத்தில் தட்டித் தள்ளிவிட்டு "டீச்சர், முடிஞ்சிருச்சு" என்கிறார்கள். பாதிப் பேருக்குக் கடவுச்சொல் மறந்துபோகிறது. தமிழில் தட்டச்சு செய்யச் சொன்னால் ஒரு வரிக்கே பாதி வகுப்பு போய்விடுகிறது. இளம் ஆசிரியர்கள் சுலபமாகச் செய்கிறார்கள். எனக்கு வயதாகிவிட்டதா? எங்கே தொடங்குவது?
- தெம்பனிஸ் வாசகி

பதில்: வயதுக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. நானும் உங்களைப் போலத் தொடக்கப்பள்ளியில் தமிழ் கற்பித்துவிட்டு, இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். இருபத்தைந்து வயது ஆசிரியர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள். அவர்களுக்குப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரியும். அந்தப் பொத்தானைப் பாடத்தின் எந்த இடத்தில் அழுத்துவது என்பதில் அவர்களுக்கும் குழப்பம்தான். அந்த இடம் எது என்று 17 ஆண்டு வகுப்பறையில் நின்ற உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

அமெரிக்க ஆய்வாளர் பெகி எர்ட்மர் 1999-இல் எழுதிய ஒரு கட்டுரையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். ஆசிரியர்கள் வகுப்பில் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தத் தடையாக இருப்பவற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று, வெளியே இருப்பது: கருவி, நேரம், பயிற்சி, உதவிக்கு ஆள். இன்னொன்று, ஆசிரியர் மனத்துக்குள் இருப்பது: நல்ல கற்பித்தல் எது, பிள்ளை எப்படிக் கற்கிறது என்பது பற்றிய நம்பிக்கைகள். முதல்வகைத் தடைகளை நீக்கச் சிங்கப்பூர் நிறையவே செய்திருக்கிறது. தகவல் தொழில்நுட்பத்துக்கான முதல் பெருந்திட்டம் 1997-இல் வந்தது. மாணவர் கற்றல் தளமான எஸ்எல்எஸ் 2018-இல் எல்லாப் பள்ளிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு ஆளுக்கொரு சாதனம் கிடைக்கச் செய்யும் திட்டத்தை, முதலில் நினைத்திருந்த 2028-இலிருந்து 2021-க்கு முன்கொண்டுவந்தார்கள். தொடக்கப்பள்ளியில் இன்னும் வண்டியில் வைத்துத் தள்ளிவரும் பொதுக் கைக்கணினிகள்தான் என்றாலும், கருவியே இல்லை என்ற நிலை போய்விட்டது.

மிச்சம் இருப்பது, "என் பாடத்துக்கு இது எதற்கு?" என்ற கேள்வி. அதைக் கேட்கும் ஆசிரியரைப் பிடிவாதக்காரர் என்று சிலர் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காமல் தொடங்கியதால்தான் உங்கள் சனிக்கிழமைகள் வீணாகின்றன.

2020 ஏப்ரல் 8-ஆம் தேதி நினைவிருக்கிறதா? தீவு முழுக்கப் பள்ளிகள் வீட்டிலிருந்து கற்றலுக்கு மாறிய நாள். விருப்பம் இருந்தவர், இல்லாதவர் எல்லாருமே அன்று ஆசிரியர் அறையை விட்டுத் திரைக்கு முன் வந்துவிட்டோம். பள்ளிகள் திரும்பத் திறந்த பிறகு என்ன நடந்தது என்பதுதான் எனக்குப் பெரிய பாடம். அப்போது கற்றுக்கொண்டதில் பலவற்றைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டோம். நின்றது எது? ஆசிரியரின் ஒரு சுமையைக் குறைத்தது, அல்லது வகுப்பில் வேறு வழியில் செய்ய முடியாத ஒன்றைச் செய்துகொடுத்தது. அவ்வளவுதான்.

அதனால் எஸ்எல்எஸ்-ஐத் திறக்கும் முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் பாடம் வழக்கமாக எந்த இடத்தில் சிக்குகிறது என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள். பலதேர்வு வினாக்கள் உங்களுக்குச் சிக்கலே இல்லை. அச்சிட்ட தாளில் அவை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தன. சிக்கல் இல்லாத இடத்தில் கருவியைக் கொண்டுபோய் வைத்தால் ஆறு நிமிடத்தில் முடியத்தான் செய்யும்.

இங்குள்ள தமிழ் வகுப்பில் பெரும்பாலும் சிக்குவது பேச்சு. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில் வீட்டில் தமிழையே அதிகம் பேசுவோர் 2.5 விழுக்காடு. உங்கள் பிள்ளைகளில் பலருக்கு நாள் முழுவதும் தமிழ் பேசக் கிடைக்கும் நேரம் உங்கள் வகுப்பு மட்டும்தான். அந்த நேரம் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேர வகுப்பு. வேறு வேறு வகுப்புகளிலிருந்து பிள்ளைகள் வந்து உட்கார ஐந்து நிமிடம். மீதி 25. பதினாறு பேர் என்றால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இருந்தால்தான் அதுவும். ஒரு பிள்ளை ஒன்றரை நிமிடம் பேசுகிறது, இருபத்து மூன்று நிமிடம் காத்திருக்கிறது.

ஒலிப்பதிவு இந்தக் கணக்கை மாற்றிவிடும். ஒரே பத்து நிமிடத்தில் பதினாறு பேரும் பேசலாம், கேட்கலாம், திரும்பவும் பேசலாம். வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்து உரையாடும் பகுதி இருப்பதால், இதைத் தனிவேலையாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. நீங்கள் ஏற்கெனவே செய்கிற பயிற்சிதான்.

ஒரு வகுப்பில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். தேக்கா சந்தை பற்றிய குட்டிக் காணொளி. பார்த்ததை நான்கு வாக்கியங்களில் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். பையன் ஒருவன் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டான். கைக்கணினியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "பளக்கடையில நிறைய பேர் இருக்காங்க" என்று பதிவு செய்தான். காதில் வைத்துக் கேட்டான். முகம் சுருங்கியது. அழித்தான். "பள... பழ..." நாக்கை மடித்துப் பார்த்தான். மறுபடி பதிவு. மறுபடி அழிப்பு. நான்காவது முறை "பழக்கடை" என்று வந்தது. அப்போதுதான் திரும்பி, "டீச்சர், இப்ப சரியா?" என்று கேட்டான். அவனை யாரும் திருத்தவில்லை. வகுப்பில் அதே ழகரத்தை ஆசிரியர் எத்தனையோ முறை திருத்தியிருப்பார். தன் குரலைத் தானே கேட்டது அவனுக்கு அன்றுதான் முதல்முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொழில்நுட்பம் வேண்டும் என்று நான் வாதாடுவது இந்த மாதிரி நிமிடங்களுக்காகத்தான்.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

முதல் வாரம் பாடமே வைக்காதீர்கள். உள்நுழைவதும் "என் பெயர், எனக்குப் பிடித்த சாப்பாடு" என்று ஒரு வாக்கியம் பதிவு செய்வதும் மட்டும். கடவுச்சொல் மறந்தவர்களுக்கு ஆசிரியரே எஸ்எல்எஸ்-இல் மாற்றிக்கொடுக்க முடியும். அதை வகுப்புக்கு முந்தைய நாளே செய்துவையுங்கள். ஒவ்வொரு பிள்ளையின் தமிழ்ப் புத்தக அட்டையின் உள்பக்கத்திலும் பயனர் பெயரை மட்டும் ஒட்டிவிடலாம், கடவுச்சொல் வேண்டாம். இதற்காக ஒரு வகுப்பு போகிறதே என்று தோன்றும். போகட்டும். அதற்குப் பிறகு ஆண்டு முழுக்க மிச்சமாகும் நிமிடங்களை எண்ணிப் பாருங்கள்.

பதினாறு பேர் ஒரே நேரத்தில் பேசினால் மீன்சந்தை மாதிரி இருக்குமே என்று கேட்பீர்கள். இருக்கும். நான்கு பேரை வெளியே நடைபாதையில் இடைவெளி விட்டு உட்கார வையுங்கள், கதவு திறந்தே இருக்கட்டும். உள்ளே இருப்பவர்கள் ஆளுக்கொரு சுவரைப் பார்க்கட்டும். ஒலிவாங்கி உள்ள காதொலிக் கருவி (ஹெட்செட்) பள்ளியில் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது, இதில்தான் நிறைய ஆசிரியர்கள் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள்: பதிவுகளைக் கேட்பது. பதினாறு பதிவுகளையும் ஒவ்வொரு வாரமும் கேட்டு, எல்லாப் பிழைகளையும் குறித்துக்கொடுக்க முயன்றால் மூன்றாவது வாரத்தில் உங்களுக்கே வெறுத்துவிடும். வாரத்துக்கு நான்கு பேரை மட்டும் கேளுங்கள். நான்கு வாரத்தில் ஒரு சுற்று முடிந்துவிடும். அதிலும் ஒரே ஒரு அம்சத்தை மட்டும் கவனியுங்கள். இந்தச் சுற்றில் லகர ளகர ழகரம். அடுத்த சுற்றில் வாக்கியம் முழுமையாக முடிகிறதா என்று. மற்றவர்கள் பக்கத்தில் இருப்பவரோடு கைக்கணினியை மாற்றிக்கொண்டு, "எனக்குப் புரிந்தது எது? இன்னும் தெரிந்துகொள்ள விரும்புவது எது?" என்று இரண்டு கேள்விக்கு வாயாலேயே பதில் சொல்லட்டும். நீங்கள் கேட்ட நான்கில் ஒரு நல்ல வாக்கியத்தை, அந்தப் பிள்ளையிடம் அனுமதி கேட்டு, அடுத்த வகுப்பின் தொடக்கத்தில் எல்லாருக்கும் ஒலிக்க விடுங்கள். மறுநாளே வகுப்புக்குத் திரும்பி வராத பதிவு, பிள்ளைகளைப் பொறுத்தவரை காணாமல் போன பதிவு. இரண்டு முறை அப்படி ஆனால் மூன்றாவது முறை ஏனோதானோ என்றுதான் பேசுவார்கள்.

தட்டச்சு. இதில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. தொடக்கப்பள்ளியில் யோசித்து எழுதும் வேலையைத் தட்டச்சில் கொடுக்காதீர்கள். எழுத்தைத் தேடும் பிள்ளையால் வாக்கியத்தைத் தேட முடியாது. கையால் எழுதட்டும், அதைப் படம் பிடித்துத் தளத்தில் ஏற்றட்டும். தட்டச்சைத் தனித்திறனாக, ஐந்து நிமிடப் பயிற்சியாகப் பழக்குங்கள். எந்த விசைப்பலகை என்பதைத் துறை முழுவதும் சேர்ந்து ஒன்றாக முடிவு செய்யுங்கள். 'அஞ்சல்' என்ற விசைப்பலகை முறையில் ஆங்கில எழுத்தொலியை வைத்துத் தட்டுவதால் பிள்ளைகளுக்கு உடனே கைவரும். ஆனால் லகர ளகரத்துக்கும் னகர ணகரத்துக்கும் சிறிய எழுத்து, பெரிய எழுத்து என்று ஆங்கிலத்தின் வழியாகவே வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டியிருக்கும். தமிழ்99 என்ற இன்னொரு விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். ககரத்தை இரண்டு முறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுந்து 'க்க' ஆகிவிடும். பழக இரண்டு மூன்று வாரம் கூடுதலாக ஆகும், ஆனால் பிள்ளை தமிழ் எழுத்தாகவே யோசிக்கும். என் ஓட்டு தமிழ்99-க்கு. தொடக்கநிலை நான்கில் ஒன்றும் ஐந்தில் இன்னொன்றும் கற்றுக்கொடுப்பதுதான் இரண்டையும்விட மோசம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. தமிழைக் கணினியில் எப்படித் தட்டுவது என்று உலகத் தமிழர்கள் கூடிப் பேசிய முதல் தமிழ் இணைய மாநாடு 1997-இல் இங்கேதான் நடந்தது. அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி தேசியக் கல்விக் கழகத்தில் தமிழாசிரியர்களுக்குப் பாடம் சொன்னவர். தமிழாசிரியருக்கும் கணினிக்கும் வெகுதூரம் என்று யாராவது சொன்னால் அவர் பெயரைச் சொல்லுங்கள்.

சனிக்கிழமையைப் பற்றி: புதிதாகத் தயாரிப்பதை நிறுத்துங்கள். எஸ்எல்எஸ்-இல் கல்வி அமைச்சு தந்திருக்கும் பாடங்களும், மற்ற ஆசிரியர்கள் பகிர்ந்த பாடங்களும் இருக்கின்றன. ஒன்றை நகலெடுத்து, பாதியை நீக்கிவிட்டு, உங்கள் பிள்ளைகளுக்கு ஏற்ற ஒரு கேள்வியைச் சேருங்கள். இருபது நிமிட வேலை. செயற்கை நுண்ணறிவிடம் வாசிப்புப் பகுதி எழுதி வாங்கும் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். தவறில்லை, ஆனால் அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒற்று மிகும் இடம், மிகா இடம் தடுமாறும். அதைவிட, கதையில் வரும் சிறுவன் ஆட்டோவில் ஏறிப் பள்ளிக்குப் போவான். உங்கள் பிள்ளை அடுக்குமாடி புளோக்கின் மின்தூக்கியில் இறங்கி, உணவங்காடி நிலையத்தைத் தாண்டி எம்ஆர்டி ரயிலுக்கு நடக்கிற பிள்ளை. அந்தச் சொற்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மாணவர் பெயரையோ மதிப்பெண்ணையோ அத்தகைய செயலிகளில் ஒருபோதும் தட்டாதீர்கள்.

நேரத்துக்கு எதிராக ஓடவைக்கும் போட்டி வினாடி வினாக்களை நான் அதிகம் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த பிள்ளைகளே எப்போதும் மேலே நிற்பார்கள். ஆறு நிமிடத்தில் தட்டித் தள்ளும் பழக்கமும் அங்கிருந்துதான் வருகிறது.

கடைசியாகத் துறைத்தலைவர். அவரிடம் போய் "வாரா வாரம் முடியாது" என்று சொல்லாதீர்கள். "இந்தத் தவணையில் பேச்சுப் பயிற்சிக்கு மட்டும் பயன்படுத்துகிறேன், வாரம் ஒருமுறை, பத்து நிமிடம். எட்டாவது வாரத்தில் மூன்று பிள்ளைகளின் முதல் பதிவையும் கடைசிப் பதிவையும் உங்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன்" என்று சொல்லுங்கள். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. எத்தனை பாடம் ஏற்றினோம் என்ற எண்ணிக்கையைவிட இது அவருக்கே உதவியாக இருக்கும். முடிந்தால் அந்த இளம் ஆசிரியர்களில் ஒருவரைக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொத்தானை அவர் காட்டட்டும், எந்தப் பிழையைக் காதில் பிடிக்க வேண்டும் என்று நீங்கள் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். முதல் வாரத்தில் "என் பெயர், எனக்குப் பிடித்த சாப்பாடு" என்று பேசினார்களே, அந்தப் பதிவுகளை அழித்துவிடாதீர்கள். பெற்றோர் சந்திப்பு நாளில் அம்மா அப்பாவின் கையில் காதொலிக் கருவியைக் கொடுத்து முதலில் அதைக் கேட்கச் சொல்லுங்கள், அப்புறம் கடைசிப் பதிவை.